கடலுக்கு வழி எழுதியவர்: ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க்

சிங்கப்பூரின் கிழக்கே, சுமார் 24 கடல்மைல் தொலைவில், ஒரு சிறிய பாறையின் மேல் கலங்கரை விளக்கம் ஒன்று நிற்கிறது. பள்ளிப் பாடங்களில் அதன் பெயரைப் படித்திருப்போம். பாறையின் பெயர் பெத்ரா பிராங்கா. மலேசிய நண்பர்கள் அதைப் பூலாவ் பத்து பூத்தே என்பார்கள். போர்ச்சுகீசியப் பெயர், மலாய்ப் பெயர் இரண்டும் வெள்ளைப் பாறையையே குறிக்கின்றன. இரு நாடுகளும் அதன்மீது உரிமை கோரியதும், 2008ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் தேதி அனைத்துலக நீதிமன்றம் அதைச் சிங்கப்பூருக்கு உரியது என்றும் அருகிலுள்ள நடுப்பாறைகளை மலேசியாவுக்கு உரியவை என்றும் தீர்ப்பளித்ததும் நமக்குத் தெரியும். ஆனால், அந்த விளக்கத்தின் பெயரில் இருக்கும் ஹார்ஸ்பர்க் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

நானும் கேட்டதில்லை. கடந்த விடுமுறையில் சிறு படகு ஓட்டும் உரிமத்திற்கான வகுப்பில் சேர்ந்தபோது, மேசைமீது ஒரு கடல் வரைபடத்தை விரித்து வைத்தார்கள். எங்கு பார்த்தாலும் எண்கள், புள்ளிக்கோடுகள், சிறு குறிகள். கைத்தொலைபேசி வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது புரியாத மொழியாகத்தான் தெரிந்தது. அதன் கிழக்கு ஓரத்தில் ஹார்ஸ்பர்க் என்ற பெயரைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். ஒரு தவறான வரைபடத்தால் கப்பலை இழந்த இளைஞர், தம் எஞ்சிய வாழ்நாளை வரைபடங்களைத் திருத்துவதற்கே கொடுத்த கதை அது.

எளிய குடும்பம், பதினாறு வயதில் கடல்

ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் 1762ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் உள்ள ஈலி என்ற கடலோர ஊரில் பிறந்தார். பெற்றோர் வசதி படைத்தவர்கள் அல்லர். பதினாறு வயது வரை படித்தார். கணிதம், கணக்கு எழுதுதல், கப்பல் செலுத்தும் கலையின் அடிப்படை ஆகியவை அவருக்குக் கிடைத்த கல்வி. அந்த வயதில் நாம் தேர்வுகளுக்குத் தயாராகிக்கொண்டிருப்போம். அவர் கப்பலில் பயிற்சி மாலுமியாகச் சேர்ந்துவிட்டார்.

முதலில் வட கடலில் நிலக்கரி ஏற்றிச் செல்லும் கப்பல்களில் வேலை. 1780இல் அவர் சென்ற கப்பலைப் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று பிடித்தது. சிறிது காலம் டன்கர்க் நகரில் சிறையில் இருந்தார். விடுதலையான பிறகும் அவர் கடலைவிட்டு விலகவில்லை. மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றார், பிறகு கல்கத்தாவுக்கு வந்தார். 1784 முதல் ஆசியக் கடல்களில் வணிகக் கப்பல்களில் பணியாற்றத் தொடங்கினார். படிப்படியாக உயர்ந்து, இருபத்து மூன்று வயதில் அட்லஸ் என்ற கப்பலின் முதல் துணை அதிகாரி ஆனார்.

1786 மே 30

அட்லஸ் கப்பல் பத்தேவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜக்கர்த்தாவிலிருந்து, இலங்கையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. வழியில் இந்தியப் பெருங்கடலின் நடுவே சாகோஸ் தீவுக்கூட்டம் இருக்கிறது. அதன் தென்கோடியில் உள்ள பவளத் தீவு டியேகோ கார்சியா. இத்தகைய தீவுகளுக்கு மலை கிடையாது. தண்ணீர் மட்டத்தைவிடச் சில மீட்டர்களே உயரமானவை. அருகில் வரும் வரை கண்ணில் படாது. அந்த நிலையில் மாலுமிக்கு இருக்கும் ஒரே காவல் வரைபடம்தான்.

கப்பலில் இருந்த வரைபடம் தவறாக இருந்தது. 1786 மே 30ஆம் தேதி அட்லஸ் டியேகோ கார்சியாவில் மோதி உடைந்தது.

ஏன் இப்படிப்பட்ட பிழைகள் ஏற்பட்டன? கடலில் ஓரிடத்தைக் குறிக்க இரண்டு எண்கள் வேண்டும். வடக்கு-தெற்கு நிலையைச் சொல்வது அட்சரேகை. நண்பகலில் சூரியனின் உயரத்தை அளந்து அதை ஓரளவு எளிதாகக் கண்டுபிடிக்கலாம். கிழக்கு-மேற்கு நிலையைச் சொல்லும் தீர்க்கரேகைதான் சிக்கல். அதற்குத் துல்லியமான கடிகாரம் வேண்டும், அல்லது நிலவின் இடத்தை அளந்து நீண்ட கணக்குப் போட வேண்டும். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அப்படியானால் கடிகாரத்தில் ஒரு நிமிடம் தவறினால், நிலநடுக்கோட்டின் அருகே கிட்டத்தட்ட 15 கடல்மைல் பிழை வரும். ஒரு தீவே அதற்குள் மறைந்துவிடும்! முந்தைய நூற்றாண்டுகளின் மாலுமிகள் உத்தேசமாகக் குறித்த தீவுகளை அடுத்தடுத்து வந்த வரைபடக்காரர்கள் அப்படியே நகலெடுத்தார்கள். பிழையும் நகலானது.

கப்பல் உடைந்த பிறகு, தப்பித்தோம் என்று நினைத்து அவர் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். வரைபடம் வரைந்தவரைத் திட்டிவிட்டு அடுத்த கப்பலில் ஏறியிருக்கலாம். பெரும்பாலோர் அதைத்தான் செய்திருப்பார்கள். ஹார்ஸ்பர்க் அடுத்த கப்பலில் ஏறத்தான் செய்தார். ஆனால், அதன்பின் எந்தக் கடலில் சென்றாலும் அளந்து குறித்துவைப்பது என்று தீர்மானித்துக்கொண்டார்.

கப்பலே பல்கலைக்கழகம்

பம்பாய்க்குத் திரும்பிய அவர், இந்திய வணிகர் ஒருவருக்குச் சொந்தமான பெரிய கப்பலில் சேர்ந்து சீனாவுக்குச் சென்றார். அடுத்த பல ஆண்டுகள் இந்தியாவுக்கும் சீனாவின் கான்டன் துறைமுகத்துக்கும் இடையே போய் வந்தார். அந்தப் பாதை நம்முடைய பாதை. மலாக்கா நீரிணை, சிங்கப்பூர் நீரிணை, தென்சீனக் கடல் வழியாகத்தான் இந்தியாவிலிருந்து சீனாவுக்குச் செல்லும் கப்பல்கள் பெரும்பாலும் சென்றன.

வேலை நேரம் போக மீதி நேரத்தில் அவர் படித்தார். வானியலும் கோள வடிவக் கணிதமும் புத்தகங்களைக் கொண்டு தாமே கற்றார். வரைபடம் வரையவும் செதுக்கவும் பழகினார். அவர் காலத்தில் ஆழம் அளக்கும் கருவி, கயிற்றில் கட்டிய ஈயக்குண்டுதான். குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் கொழுப்பைத் தடவி இறக்குவார்கள். மேலே இழுத்தால் கடலடி மணல், சேறு, சிப்பி எதுவோ அது கொழுப்பில் ஒட்டி வரும். கயிற்றின் நீளம் ஆழத்தைச் சொல்லும். ஒட்டி வந்தது தரையின் தன்மையைச் சொல்லும். இன்றைய வரைபடத்தில் எண்களுக்கு அருகே சிறு எழுத்துகளில் மணல், சேறு, பாறை என்று குறிக்கும் வழக்கம் இந்தக் கொழுப்புக் குழியிலிருந்து வந்ததுதான். நங்கூரம் எங்கே பிடிக்கும், எங்கே வழுக்கும் என்பதை அது மாலுமிக்குச் சொல்கிறது.

சீனாவுக்குக் கிழக்கு வழியாகச் சென்ற பயணங்களில் அவர் மூன்று வரைபடங்களைத் தயாரித்தார். ஒன்று மக்காசார் நீரிணை. மற்றொன்று பிலிப்பீன்ஸ் தீவுகளின் மேற்குப் பக்கம். மூன்றாவது டாம்பியர் நீரிணையிலிருந்து பத்தேவியா வரையிலான வழி. கான்டனில் இவற்றைப் பார்த்த கப்பல் தலைவர்கள் பாராட்டினார்கள். வரைபடங்கள் லண்டனுக்குப் போயின. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல் வரைபட அதிகாரி அலெக்சாண்டர் டால்ரிம்பிள் அவற்றை வெளியிட ஏற்பாடு செய்தார். கம்பெனி நன்றிக் கடிதமும், கருவிகள் வாங்கிக்கொள்ளப் பணமும் அனுப்பியது. 1796இல் இங்கிலாந்து சென்றபோது, டால்ரிம்பிள் மட்டுமன்றி, சர் ஜோசப் பேங்ஸ், அரச வானியலாளர் நெவில் மாஸ்கலின் ஆகியோரின் அறிமுகமும் அவருக்குக் கிடைத்தது. பல்கலைக்கழக வாசலை மிதிக்காத ஒரு மாலுமி, தம் அளவைகளின் பலத்தால் அந்த அறிஞர்களின் முன் நின்றார்.

காற்றுக்கும் ஓர் ஏற்ற இறக்கம்

1798இல் அவர் அன்னா என்ற கப்பலின் தலைவரானார். வங்காளம், மதராஸ், சீனா, இங்கிலாந்து என்று பயணங்கள் தொடர்ந்தன. 1802 ஏப்ரல் முதல் 1804 பிப்ரவரி வரை, கப்பலில் இருந்த காற்றழுத்தமானிகளின் அளவை இரவு பகலாகக் குறித்துவந்தார். புயல் வரும் நாளில் மட்டும் பார்ப்பது அன்றைய மாலுமிகளின் பழக்கம். அவரோ ஒன்றும் நடக்காத நாள்களிலும் பார்த்தார்.

அதனால்தான் ஓர் ஒழுங்கு அவர் கண்ணில் பட்டது. வெப்ப மண்டலத்தின் திறந்த கடலில் காற்றழுத்தம் ஒரு நாளில் இரண்டு முறை ஏறுகிறது, இரண்டு முறை இறங்குகிறது. கரையை நெருங்கினால் அந்த ஒழுங்கு மங்குகிறது. இந்தக் கண்டுபிடிப்பு 1805இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளிவந்தது. மறு ஆண்டே அவர் அந்தக் கழகத்தின் உறுப்பினரானார். இதில் மாலுமிக்கு என்ன பயன்? வழக்கமான இறக்கம் எது என்று தெரிந்தால்தான், வழக்கத்தை மீறிய இறக்கத்தைப் பார்த்துப் புயலை எச்சரிக்கையுடன் எதிர்கொள்ள முடியும்.

ராஃபிள்ஸ் வருமுன் எழுதிய வழிகாட்டி

1805இல் கடல் வாழ்க்கையை முடித்துக்கொண்டு இங்கிலாந்தில் தங்கினார். இருபது ஆண்டுக் குறிப்புகள் கையில் இருந்தன. 1809 முதல் 1811 வரை அவற்றைப் புத்தகமாக வெளியிட்டார். கிழக்கிந்தியப் பகுதி, சீனா, ஆஸ்திரேலியா, நன்னம்பிக்கை முனை, இடையிலுள்ள துறைமுகங்கள் ஆகிய அனைத்துக்கும் போக வர வழி சொல்லும் நூல் அது. பின்னாளில் இந்தியா டைரக்டரி என்ற பெயரில் புகழ்பெற்றது. ராஃபிள்ஸ் 1819இல் சிங்கப்பூரில் கால் வைப்பதற்கு முன்பே, இந்த நீரிணையின் வழியைக் கப்பல் தலைவர்கள் அந்த நூலில் படித்துக்கொண்டிருந்தார்கள். சோழமண்டலக் கரையும் அதில் உண்டு.

வரைபடம் இருக்க, எழுத்து எதற்கு? வரைபடம் ஆழத்தையும் இடத்தையும் காட்டும். எந்த மாதத்தில் எந்தக் காற்று அடிக்கும், நீரோட்டம் எப்பக்கம் தள்ளும், தூரத்திலிருந்து பார்த்தால் குன்று எந்த வடிவில் தெரியும், நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதையெல்லாம் எழுதித்தான் சொல்ல முடியும். இரண்டையும் சேர்த்துப் படிப்பவரே வழி அறிந்தவர்.

1810இல் அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல் வரைபட அதிகாரியாக நியமிக்கப்பட்டார். இறக்கும் வரை, அதாவது 26 ஆண்டுகள், அந்தப் பொறுப்பில் இருந்தார். கப்பல்கள் கொண்டுவரும் பயணக் குறிப்பேடுகளைப் படிப்பது, ஒன்றோடொன்று ஒப்பிடுவது, பழைய வரைபடத்தைத் திருத்துவது ஆகியவையே அவருடைய அன்றாட வேலை. நூலின் இரண்டாம், மூன்றாம் பதிப்புகள் வந்தன. ஒவ்வொன்றிலும் திருத்தம். நான்காம் பதிப்பு 1836இல் வெளிவந்தது. அதே ஆண்டு மே 14ஆம் தேதி, 73 வயதில், அவர் லண்டனுக்கு அருகே காலமானார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவருடைய வரைபடங்கள் மாலுமிகளின் உயிரைக் காத்தன. அதே வரைபடங்கள் ஒரு கம்பெனி ஆசியாவில் ஆட்சியையும் வணிகத்தையும் விரிவாக்கவும் உதவின. இந்தியாவிலிருந்து சீனாவுக்குச் சென்ற சரக்குகளில் பருத்தியோடு அபினியும் இருந்தது. அவர் நினைவாக நிதி திரட்டிய கான்டன் வணிகர்களில் அபினியில் பொருளீட்டியவர்களும் உண்டு. வழி காட்டும் அறிவு யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி, இன்று தரவுகளைப் பற்றி நாம் கேட்கும் கேள்விதான்.

பாறைமேல் ஒரு நினைவுச்சின்னம்

அவர் இறந்த செய்தி கான்டனை அடைந்ததும், அங்கிருந்த வணிகர்களும் மாலுமிகளும் கூடினார்கள். சிலை வேண்டாம், கப்பல்களுக்கு உதவும் விளக்கு ஒன்று வேண்டும் என்று முடிவானது. எங்கே கட்டுவது என்று பல ஆண்டுகள் பேசினார்கள். கடைசியில், தென்சீனக் கடலிலிருந்து சிங்கப்பூர் நீரிணைக்குள் நுழையும் வாயிலில் இருக்கும் பெத்ரா பிராங்காவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அரசாங்க நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன் கட்டடப் பொறுப்பை ஏற்றார். 1850 மே 24ஆம் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. பூலாவ் உபினிலிருந்து கருங்கல் வெட்டிக் கொண்டுவந்தார்கள். சீனக் கல் தச்சர்கள், மலாய்ப் படகோட்டிகள், இந்தியாவிலிருந்து சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்ட கைதிகள் எனப் பலரின் உழைப்பு அதில் இருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பாறையில் நிற்கவே முடியாது. அதனால் வேலையை நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. 1851இல் விளக்கு ஏற்றப்பட்டது.

அவரிடமிருந்து நாம் கற்கும் வாசிப்பு

செயற்கைக்கோள் இருக்கும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். 2013 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படையின் கார்டியன் என்ற கப்பல் பிலிப்பீன்ஸின் துபத்தாஹா பவளப்பாறையில் ஏறி நின்றது. அதன் மின்னிலக்க வரைபடத்தில் அந்தப் பாறை சுமார் எட்டுக் கடல்மைல் தள்ளிக் குறிக்கப்பட்டிருந்தது. 2014 நவம்பரில், உலகைச் சுற்றும் பாய்மரப் போட்டியில் சென்ற ஒரு படகு மொரிஷியசுக்கு வடகிழக்கே பவளத்திட்டில் மோதியது. அங்கே வரைபடத்தில் தகவல் இருந்தது. ஆனால், திரையைப் போதுமான அளவு பெரிதாக்கிப் பார்க்காததால் பாறை கண்ணில் படவில்லை. படகில் இருந்த ஒன்பது பேரும் உயிர் தப்பினார்கள். முதலாவது வரைபடத்தின் பிழை. இரண்டாவது வாசிப்பின் பிழை. அட்லஸ் உடைந்து இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் இரண்டுமே நம்மோடு இருக்கின்றன.

ஆகவே, கடல் வரைபடத்தைத் திறந்தவுடன் நான் இப்போது பார்ப்பது நிலத்தையோ தீவையோ அன்று. ஓரத்தில் உள்ள எழுத்துகளைத்தான். இந்த ஆழங்களை எந்த ஆண்டு அளந்தார்கள்? கடைசித் திருத்தம் எப்போது? அடுத்தது, ஆழம் எந்த அளவையில் உள்ளது? பழைய வரைபடத்தில் 5 என்றால் அது ஐந்து பாகமாக இருக்கலாம். ஒரு பாகம் ஆறு அடி. அப்படியானால் அது சுமார் ஒன்பது மீட்டர். புதிய வரைபடத்தில் 5 என்றால் ஐந்து மீட்டர்தான். மாற்றிப் படித்தால் படகின் அடிப்பாகம் அதற்கு விலை கொடுக்கும்.

மூன்றாவது, அந்த எண் எந்த நீர்மட்டத்திலிருந்து எண்ணப்பட்டது? பொதுவாகக் கடல் மிகவும் வற்றியிருக்கும் நிலையிலிருந்து எண்ணுவார்கள். வரைபடம் 2 மீட்டர் என்று காட்டி, அந்த நேரத்தின் ஓத அளவு 1.5 மீட்டர் என்றால், உண்மையில் 3.5 மீட்டர் தண்ணீர் இருக்கும். ஏற்றத்தில் சுலபமாகக் கடந்த இடத்தில், வற்றும்போது திரும்பி வர முடியாமல் போகலாம். எண்ணின் கீழே கோடு இருந்தால் இன்னும் கவனம் தேவை. வற்றும்போது அந்த இடம் நீருக்கு மேலே வந்துவிடும் என்று பொருள்.

நான்காவது, தூரத்தை வரைபடத்தின் இடது அல்லது வலது ஓரத்தில்தான் அளக்க வேண்டும். அங்கே அட்சரேகையின் ஒரு நிமிடம் ஒரு கடல்மைல், அதாவது 1,852 மீட்டர். மேல், கீழ் ஓரங்களில் அளக்கக்கூடாது. நாம் நிலநடுக்கோட்டின் அருகே இருப்பதால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். அந்தப் பழக்கத்தோடு வேறு நாட்டுக் கடலுக்குப் போனால் கணக்கு தவறிவிடும். கடைசியாக, திரையில் பார்த்தால் போகும் வழி முழுவதையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். வரைபடத்தில் வெறுமையாக இருக்கும் இடம் ஆபத்தில்லாத இடம் என்று பொருள் அல்ல. யாரும் அங்கே ஈயக்குண்டை இறக்காத இடமாகவும் இருக்கலாம்.

ஹார்ஸ்பர்க் பெரிய கண்டத்தையோ கடலையோ கண்டுபிடிக்கவில்லை. பிறர் ஏற்கெனவே போன வழியில் போனார். ஆனால், கவனமாகப் பார்த்தார், பார்த்ததை எழுதினார், எழுதியதைத் திருத்திக்கொண்டே இருந்தார். இருபத்து மூன்று வயதில் நடந்த இழப்பு அவருக்கு ஒரு கேள்வியைக் கொடுத்தது. அந்தக் கேள்விக்கு அவர் ஐம்பது ஆண்டுகள் பதில் எழுதினார்.

அடுத்த முறை தேசாருவுக்கோ பிந்தானுக்கோ படகில் போகும்போது, உங்கள் படகோட்டியின் திரையை ஒரு நிமிடம் எட்டிப் பாருங்கள். அந்தச் சிறு எண்கள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வெயிலில் நின்று நமக்காக அளந்து வைத்தது. அதைப் படிக்கக் கற்றுக்கொள்வது நாம் அவர்களுக்குச் செய்யும் மரியாதை. நம் உயிருக்கு நாமே செய்துகொள்ளும் காவலும்கூட.